சாப்பாட்டு பிளேட்டு நாலாம் நம்பர்

இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போடுகிறவர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். லேப்டாப்பில் எதையோ தட்டிவிட்டு வந்து, இன்னொரு வடை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். அவர் பாட்டுக்கு அவர் சாப்பிடுகிறார், பாட்டு அது பாட்டுக்கு ஓடுகிறது. பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். திண்டிவனத்தில் இருபத்தைந்து வருஷம் சவுண்டு சர்வீஸ் ஆபரேட்டராக இருந்தவன் நான். எங்கள் காலத்தில் கல்யாண வீட்டில் பசியோடு இருக்கிற ஒரே ஆள் மைக் செட்டுக்காரன்தான்.

போன மாதம் சென்னையிலிருந்து இரண்டு பேர் தேடிக்கொண்டு வந்தார்கள். நாற்பது வயதிருக்கும், முதுகில் பை. "ஐயா, உங்ககிட்ட ப்ராக்ரசிவ் ராக் வினைல் நிறைய இருந்துச்சாமே? உலகத்துலயே சில காப்பிதான் இருக்குற ரெக்கார்டுகூட இருந்துச்சுன்னு சொன்னாங்க" என்றார் ஒருவர். அப்படி எதையும் நான் வைத்திருந்ததில்லை, நீங்கள் வேறு கன்னியப்பனைத் தேடி வந்திருப்பீர்கள் என்றேன். அவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டாக ஓடுகிற பெரிய இசைத்தட்டு; எங்கள் பாஷையில் பிளேட்டு.

"அட, இது நம்ம சாப்பாட்டு பிளேட்டு!" என்றேன்.

இருவர் முகமும் வாடிவிட்டது. கோயில் விக்கிரகத்தை அம்மிக்கல் என்று சொன்னதுபோல ஆகிவிட்டது அவர்களுக்கு. காபி கொடுத்து சமாதானப்படுத்தினேன். போகும்போது, அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எழுதியாவது வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால்தான் இது.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஜமால் பாயிடம். புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்துக்காரர். திண்டிவனத்தில் கடை வைத்து, இந்தப் பக்கம் ஒலக்கூர், அந்தப் பக்கம் விழுப்புரம் வரை மைக் செட் அனுப்பிக்கொண்டிருந்தார். ஊரையே அலற வைக்கிற தொழில் செய்தவர், வாழ்க்கையில் ஒருமுறைகூட உரக்கப் பேசியதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் கீழே போகும். திட்டுகிறார் என்றால் அவர் வாயருகே காதைக் கொண்டுபோய்த் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

தொழில் கற்றுக்கொண்ட இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டப் பழகினேன், இரண்டு முறை ஷாக் அடித்தது, ஒருமுறை மரத்திலிருந்து விழுந்தேன். பிளேட்டைத் தொட பாய் விட்டது மூன்றாவது வருஷம்தான். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். உள்ளங்கை படக்கூடாது, விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். பழைய வெல்வெட் துணியால் கோட்டின் போக்கிலேயே துடைக்க வேண்டும். முள்ளை இறக்கும்போது மூச்சுவிடக் கூடாது. முள் துள்ளினால் அதன் தலைமேல் அஞ்சு பைசாவை வைக்க வேண்டும், பத்து பைசா வைத்தால் பிளேட்டு தேய்ந்துவிடும்.

பாய் பாட்டைக் காதால் கேட்டு நான் பார்த்ததில்லை. பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பளபளவென்று ஒரு இடைவெளி இருக்கும் இல்லையா, அதை எண்ணி, "ஆறு பாட்டு. மூணாவது அழுவாச்சி" என்பார். அழுவாச்சி எப்படிக் கண்ணுக்குத் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. போட்டுப் பார்த்தால் மூன்றாவது பாட்டில் ஒருத்தி கதறிக்கொண்டிருப்பாள்.

அந்த அழுவாச்சிதான் எங்கள் வயிற்றில் அடித்தது. சின்ன பிளேட்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். பெரிய பிளேட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றால், நடுவில் ஒரு சோகப் பாட்டு கட்டாயம் இருக்கும். தாலி கட்டிய அரை மணியில் 'போய்விட்டாயே' என்று மண்டபம் முழுக்க ஒலித்தால் பெண் வீட்டார் சும்மா விடுவார்களா? மயிலத்தில் ஏழுமலை என்ற ஆபரேட்டர் அப்படி ஒருமுறை சாம்பாருக்கு ஆசைப்பட்டுப் போய், திரும்பி வந்தபோது ஆம்ப்ளிபையர் கிணற்றில் கிடந்தது.

எண்பதுகளின் தொடக்கம். புதுச்சேரியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது சாமான்களைப் பழைய சாமான்காரர்களிடம் போட்டுவிட்டுப் போவார்கள். கோட்டக்குப்பம் சொந்தக்காரர் ஒருவர் மூலமாகப் பாய் ஒரு பழைய பிளேயரை வாங்கினார். கூடவே ஒரு கட்டு பிளேட்டும் வந்தது. அட்டைகளைப் பார்த்ததும் பாய் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றில் துணியில்லாத ஆள் ஒருவன் நிலாவில் உட்கார்ந்திருந்தான். இன்னொன்றில் ஒரு பெரிய கண், அதற்குள் ஒரு மீன். அட்டைகளையெல்லாம் அன்றே அடுப்பில் போட்டுவிட்டு, பிளேட்டுகளுக்குக் கைலித் துணியில் உறை தைத்தார். பிறகு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கன்னியப்பா, இதுல இடைவெளியே இல்லப்பா" என்று கிசுகிசுத்தார். "இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே பாட்டு."

"எவ்ளோ நேரம் ஓடும் பாய்?"

பாய் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தார். இருபது நிமிஷம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருபது நிமிஷம் என்றால் இலை போட்டதிலிருந்து மோர் வரைக்கும். பாட்டில் வார்த்தை அனேகமாக இல்லை, இருந்தாலும் யாருக்கும் புரியாது. அழுதாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

இப்படித்தான் அந்த ரக பிளேட்டுக்கு 'சாப்பாட்டு பிளேட்டு' என்று பெயர் வந்தது. நானும் பாயும் தேடித் தேடிச் சேர்த்தோம். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் பிளேட்டுகளை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். கடைக்காரர் "இன்னா தம்பி, மூஞ்சி பாக்குறியா?" என்பார். இடைவெளி இல்லாததாகப் பொறுக்கி எடுத்ததில் பதினோரு பிளேட்டு சேர்ந்தது. மற்ற ஆபரேட்டர்கள் எட்டிப் பார்த்துப் பெயரைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று, நடுவிலிருந்த லேபிள்மேல் பாய் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை ஒட்டி, சா-1, சா-2 என்று எழுதிவைத்தார்.

கல்யாண வீடுகளில் எதிர்ப்பே இல்லை. மாப்பிள்ளை வீட்டார், "பாரின் மியூசிக் போட்டாங்கப்பா" என்று ஊரில் போய்ச் சொல்லிக்கொண்டார்கள். ஒரே ஒரு பாட்டி மட்டும் சா-7 ஓடும்போது, "கரண்டு கோளாறா தம்பி?" என்று விசாரித்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது சா-4. மெதுவாக, கனமாக, ஒரு ஆர்மோனியத்தைத் தண்ணீருக்குள் வாசிப்பதுபோல ஆரம்பிக்கும். பதினாலாவது நிமிஷம் வாத்தியமெல்லாம் நின்று, நடுவில் ஒரு மாடு கத்தும். மாடுதான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அந்தக் குரல் வந்தால் ரசம் முடித்து மோருக்குப் போக வேண்டும் என்று கணக்கு. ஒருநாள் ஒலக்கூரில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் இலையை விட்டு எழுந்து ஸ்பீக்கர் பக்கம் போய் நின்றுவிட்டேன். அந்த ஆர்மோனியம் திரும்பி வருகிற இடத்தைக் கிட்டே நின்று கேட்க வேண்டும்போல இருந்தது. சாப்பிடுவதற்காகப் பாட்டுப் போட்டவன் பாட்டுக்காகப் பாயசத்தை விட்டேன். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

சில வருஷம் கழித்து ஒரு காலையில் மரியதாஸ் ஐயா கடைக்கு வந்தார். அவரைத் திண்டிவனத்தில் 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். எழுபது வயதிலும் முதுகு வளையாது. கடைக்குள் வந்து குதிகால்களைச் சேர்த்து நின்றார். பாய் ஸ்டூல் போட்டார்.

"பாய், என் பையன் ஜோசேப்ப இஞ்சினியர் படிக்க பாரிசுக்கு அனுப்புனேன். அவன் படிப்ப உட்டுட்டு நாலு பேரோட சேந்து பாட்டு பிளேட்டு போட்டான். எனக்கு ஒண்ணு தபால்ல அனுப்புனான். கேட்டுட்டு எழுதுங்கப்பான்னு லெட்டரு. கோவத்துல கட்டக்கூடப் பிரிக்கல. பழைய சாமான்காரன் வந்தான், தூக்கிப் போட்டுட்டேன்."

"அய்யோ" என்றார் பாய்.

"அஞ்சு வருஷம் ஆச்சு. அவனும் எழுதல, நானும் எழுதல. இப்ப பொண்ணு பிலோமினாவுக்குக் கல்யாணம். வர்றேன்னு எழுதியிருக்கான். வந்ததும் மொதல்ல இன்னா கேப்பான்? 'கேட்டீங்களாப்பா?'ன்னு கேப்பான். நான் சர்வீசுல பொய் சொன்னதில்ல பாய். இனிமே கத்துக்கவும் முடியாது." ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்தார். "சாமான்காரனப் புடிச்சு விசாரிச்சேன். பிளேட்டெல்லாம் உங்ககிட்ட வந்ததா சொன்னான்."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அட்டையை எரித்தவர் அவர், பிளாஸ்திரி ஒட்டியவரும் அவர். ஒரு பிளேட்டில் பிளாஸ்திரியை உரித்துப் பார்த்தோம். லேபிளும் சேர்ந்து பஞ்சு பஞ்சாக வந்துவிட்டது. குழுவின் பெயர் ஐயாவுக்கு ஞாபகமில்லை. சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்துப் பழகியவன் ஜோசேப் என்பது மட்டும்தான் துப்பு.

"அப்ப எல்லாத்தையும் போடுங்க" என்றார்.

மூன்று நாள் மத்தியானம் போட்டோம். நான் துடைத்துத் துடைத்து வைப்பேன், பாய் முள்ளை இறக்குவார். ஐயா முழங்காலில் கை வைத்து, நேராக உட்கார்ந்து, மேலதிகாரி உத்தரவு வாசிப்பதைக் கேட்பதுபோலக் கேட்பார். இரண்டு பக்கமும் முடிந்ததும் "இல்ல" என்பார். சா-4 ஓடும்போது நான் துடைப்பதை நிறுத்திவிட்டேன். என் பிளேட்டு அவருடையதாக இருக்கக் கூடாதே என்ற அற்ப எண்ணமும் இருந்தது, ஒளிப்பானேன்? மாடு கத்திய இடத்தில் ஐயாவின் முகம் சுருங்கியது.

"இது மாடு கத்துது. என் பையன் ஆயிரம் தப்பு பண்ணுவான், மாட்ட வெச்சுப் பாட்டுப் போட மாட்டான்."

பதினொன்றும் முடிந்தது. எழுந்தார், "மெர்சி பாய்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுப் போனார். வழக்கமான நடை இல்லை அது.

அடுத்த வாரம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். நான் தனியாகப் போயிருந்தேன். காலையிலிருந்து சின்ன பிளேட்டுகளாகவே போட்டுக்கொண்டிருந்தேன். சின்னது நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, பெரியது முப்பத்து மூன்று. பெரிய பிளேட்டு போடும்போது வேகக் குமிழைத் திருப்ப வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அன்று கடைசிப் பந்தி, பசியில் கண் இருட்டியது. சா-4ஐ வைத்தேன், குமிழை மறந்தேன், ஓடிப்போய் இலைமுன் உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டு துள்ளிக்கொண்டு ஆரம்பித்தது. என்னடா இது, ஆர்மோனியம் தண்ணீரிலிருந்து கரையேறிவிட்டதே என்று நினைத்தேன். ஆனாலும் சோற்றில் வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை. சாம்பார் முடிவதற்குள் அந்த இடம் வந்துவிட்டது. வாத்தியமெல்லாம் நின்றது. நான்கு குழாய் ஸ்பீக்கரிலும் ஒரு குரல் பளீரென்று கேட்டது.

"டேய், எழுந்திருங்கடா! மணி அஞ்சாச்சு! படுக்கையச் சுருட்டு!"

பந்தியில் பாதிப் பேர் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டார். நானும் எழுந்தேன், ஆனால் வேறு காரணத்துக்காக. மாடு இல்லை. தமிழ். போன வாரம் மூன்று நாள் கடையில் கேட்ட மரியதாஸ் ஐயாவின் அதே பட்டாளக் குரல், ஒரு இளைஞன் வாயிலிருந்து. அப்பா வீட்டில் எழுப்புகிறதை மகன் அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறான். அது நாற்பத்தைந்தில் ஓட வேண்டிய பெரிய பிளேட்டு. அந்த ரகம் ஒன்று உண்டு என்றே எங்களுக்குத் தெரியாது. லேபிளில் எழுதியிருந்திருக்கும், அதன்மேல்தான் பிளாஸ்திரியை ஒட்டியிருந்தோமே. வருஷக்கணக்கில் அந்தப் பாட்டை இழுத்து இழுத்துப் போட்டு, மனுஷக் குரலை மாடாக்கி, ஐந்து நிமிஷச் சாப்பாட்டைத் திருடியிருக்கிறோம்.

வேலையைப் பாதியில் விட்டது என் சர்வீசில் அந்த ஒருமுறைதான். பிளேட்டைக் கைலி உறையில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கடைக்குள் நுழைந்ததும் பாய் கேட்டார், கிட்டத்தட்ட சத்தமே இல்லாமல்:

"கல்யாணம் இன்னா ஆச்சு?"

"பாட்டு இல்லாம நடக்குது பாய்" என்று சொல்லி, குமிழைத் திருப்பிப் போட்டுக் காட்டினேன். குரல் வந்ததும் பாய் எழுந்து செருப்பை மாட்டினார். பத்து நிமிஷத்தில் ஐயாவோடு திரும்பினார்.

ஐயா அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. எங்கள் இருவர் கண்ணும் அவர் முகத்தில்தான். அந்த அதட்டல் வந்ததும் அவர் உட்கார்ந்த இடத்திலேயே விறைத்துப்போனார். பாட்டு முடிந்து முள் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பாய் எடுக்கவில்லை.

"அஞ்சு இல்ல, நாலர" என்றார் ஐயா. "நாலரைக்குத்தான் எழுப்புவேன். எதையுமே சரியா கவனிக்க மாட்டான்." அப்புறம் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கைக்குட்டைக்குள்ளிருந்தே, "இன்னொரு தபா போடுங்க" என்றார்.

பிலோமினா கல்யாணம் வரைக்கும் தினம் வந்தார், கேட்டார், போனார். பிடித்திருக்கிறதா என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கல்யாணம் விழுப்புரத்தில், எங்கள் மைக் செட்தான். ஜோசேப் வந்தார். ஒல்லியான ஆள், தோள்வரை முடி. அப்பாவும் மகனும் கை குலுக்கிக்கொண்டார்கள். மகன் விமானத்தைப் பற்றிப் பேசினார், வெயிலைப் பற்றிப் பேசினார், வஞ்சிர மீன் விலையைப் பற்றிக்கூடப் பேசினார். அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. ஐயா அவர் பக்கத்தில் போய் நிற்பார், தொண்டையைக் கனைப்பார், திரும்பி வருவார். இரண்டு நாளும் இதே கூத்து.

"கேக்கமாட்டேங்குறானே பாய்!"

"நீங்களே சொல்லிடுங்களேன். இல்லாட்டி பந்தியில அத்தப் போட்டுடுவோம்."

"அதெல்லாம் கூடாது. கேக்காம ரிப்போர்ட் குடுத்து எனக்குப் பழக்கமில்ல."

மூன்றாம் நாள் சாயங்காலம் ஜோசேப்புக்கு மெட்ராஸ் ரயில். அவருடைய பெட்டிகளை எங்கள் மைக் செட் வண்டியில் ஏற்றி, விழுப்புரம் ஜங்ஷனுக்கு நான்தான் கொண்டுபோனேன். பெட்டிகளை உள்ளே வைத்துவிட்டு இறங்கினேன். ஜோசேப் ரயில் வாசலில் நின்றார். ஐயா பிளாட்பாரத்தில், குதிகால்களைச் சேர்த்து.

"அப்பா" என்றார் ஜோசேப். "பிளேட்ட நீங்க கேக்காமலே தூக்கிப் போட்டுட்டீங்கன்னு பிலோ அப்பவே எழுதிட்டா. அதான் நான் கேக்கல. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு. பரவாயில்லப்பா, உட்டுடுங்க."

ஐயா கைத்தடியை என்னிடம் கொடுத்தார். கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மார்ச் போட ஆரம்பித்தார். இடது, வலது, இடது, வலது. வாய் எண்ணிக்கொண்டிருந்தது. ஏழு வந்ததும் சட்டென்று நிறுத்தினார்.

"உன் பாட்டுத் தாளம் ஏழோட நிக்குதுடா. ஒவ்வொரு சுத்துக்கும் கால் மாறிப்போவுது. ஒரு மாசமா நானும் நடந்து நடந்து பாக்குறேன். எட்டாவது அடி எங்கடா போச்சு?"

ஜோசேப் அப்பாவைப் பார்த்தபடியே நின்றார். முகம் என்னென்னவோ ஆனது. பிறகு கீழே குதித்து வந்து, "எட்டாவது இல்லப்பா, வேணும்னுதான் எடுத்துட்டேன், இப்பிடிப் பாருங்க" என்று அப்பாவின் தோளில் விரலால் தட்டிக் காட்டினார். ஐயா தலையை ஆட்டி மறுபடி காலைத் தூக்கினார். இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். விசில் ஊதியது, மகனின் பெட்டிகளோடு ரயில் நகர்ந்தது. அவர்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வாயைத் திறக்கவில்லை.